கிழிந்த ஆறு

நான் எட்டாவது படித்த வருடம் எங்கள் பள்ளி நாடகத்தில் எனக்குக் கிடைத்த வேடம், ஆறு. முழு ஆறுகூட இல்லை, ஒரு முனை மட்டும். மறுமுனையை என் தோழி பிடித்துக்கொள்வாள். நடுவில் சமூக அறிவியல் டீச்சரின் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை அலையடிக்கும்.

கடலூரை ஒட்டிய மீனவக் கிராமத்துப் பள்ளியில் நாடகத்துக்கென்று தனி ஆசிரியர் ஏது? அந்த டீச்சர்தான் பாட்டெழுதி, ஆர்மோனியம் வாசித்து, மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு ஒத்திகை பார்த்தார். இன்றும் அவரை நினைத்தால் கைகூப்பத்தான் தோன்றுகிறது. தலைமையாசிரியருக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. ஏதாவது தகராறு என்றால் சிதம்பரத்தில் நடக்கும் போட்டிக்கு யாரும் போகவேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். எனக்கோ சிதம்பரம் போயே ஆகவேண்டும். அதுவரை நான் எந்த மேடையும் ஏறியதில்லை.

போட்டிக்கு முந்தின வாரம், டீச்சர் இல்லாத நேரமாகப் பார்த்து அலை கொஞ்சம் பலமாக அடித்துவிட்டது. பெஞ்சு ஆணியில் மாட்டி முந்தானை ஒரு சாண் கிழிந்தது. புடவையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அழுதுகொண்டே காட்டினேன்.

"இதுக்கா அழுவுற? குடு இங்க."

வலை பின்னும் ஊசியில் பச்சை நைலான் நூலைக் கோத்து, முடிச்சு முடிச்சாகப் போட்டு இறுக்கினார். "சுறாவே பூந்தாலும் இனிமே கிழியாது" என்றார். உலகத்திலேயே கெட்டிக்காரர் என் அப்பாதான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மீன் விற்றுவிட்டு வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், கல்யாணப் பட்டுய்யா இது! அதுல போயி வலை நூலப் போட்டு வச்சிருக்கியே!"

அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் டீச்சர் அந்த முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தார். மீன் வாடை வேறு.

"யாரு தச்சது?"

"எங்கப்பா, டீச்சர்."

சிதம்பரம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். டீச்சர் ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "தண்ணி கிழிஞ்சா தைக்கிறவர இப்பதான் பாக்குறேன். ஹெச்.எம். கிட்ட யாரும் வாயத் தொறக்காதீங்க. புடிங்க, ஆரம்பிக்கலாம்."

சிதம்பரத்தில் எங்கள் ஆறு நன்றாகவே ஓடியது. பரிசு கிடைக்கவில்லை. பேருந்து நிலையத்தில் டீச்சர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருட ஆண்டுவிழாவுக்கு டீச்சர் அதே புடவையில் வந்தார். தையலை மடிப்புக்குள் மறைத்திருக்கலாம். அவரோ முந்தானையை விரித்துவிட்டு, பச்சை முடிச்சுகள் தோளில் பளிச்சென்று தெரியும்படி கட்டியிருந்தார். கடைசி வரிசையில் ஒதுங்கி நின்ற அப்பாவிடம் தானே தேடிப்போய், "உங்க தையல் கெட்டியா நிக்குதுண்ணே" என்றார்.

வீடு வரைக்கும் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "பாவம்மா டீச்சரு. அவுங்களுக்கு வேற பட்டுப்புடவையே இல்ல போலருக்கு."