நெஞ்சு விசிலடிக்குதா என்று கேட்டவர்

நவம்பரில் ஒரு காலை, தில்லித் தமிழர்களான நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அன்றைய காற்று எவ்வளவு மோசம் என்பது முதலாவது. நர்ஸ் எஸ்தர் இறந்துவிட்டார் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே அழுகை முகத்தைத்தான் போட்டோம். ஆஸ்துமா முற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே மூச்சு நின்றுவிட்டதாக அவர் தங்கை சொன்னார்.

வீடு வீடாகப் போய், வயது வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று கேட்டு எழுதுவது எஸ்தரின் வேலை. அதற்கான கேள்வித்தாளைத் தமிழாக்கியவன் நான். ‘உங்களுக்கு ஆஸ்துமா இருப்பதாக மருத்துவர் எப்போதேனும் கூறியதுண்டா?’ வாக்கியத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அதை எடுத்துக்கொண்டு இருவரும், பெரிய சாக்கடை ஓரத்தில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்புக்குப் போனோம். அப்போது அது இடிக்கப்பட்டிருக்கவில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்வி என்ற பெண் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்.

“ஆஸ்துமாவா? அதெல்லாம் கோட்டி, பங்களாவுல இருக்கிற மேம்சாபுங்களுக்கு வர்றது சிஸ்டர். எங்களுக்கு வெறும் இருமல். படுத்தா மூச்சு வராது, உக்காந்தே தூங்கிடுவேன். அச்சா, வேற என்ன? ஜல்தி கேளுங்க, வேலைக்குப் போகணும்.”

விதிப்படி எஸ்தர் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார். தெரு முழுக்க ‘இல்லை’.

அறிக்கை வந்தது. மரங்கள் அடர்ந்த அதிகாரிகள் குடியிருப்பில் ஆஸ்துமா ஏராளம். சாக்கடை ஓரத்தில் அநேகமாக இல்லை. மேலதிகாரி மகிழ்ந்துபோய், ஏழைகளின் நுரையீரலைப் பாராட்டி ஒரு பத்தி சேர்த்தார். எஸ்தர் அவர் முன்னால் போய் நின்றார்.

“டாக்டரே இல்லாத தெருவுல டாக்டர் சொன்னாரான்னு கேட்டா, யாருக்கு சார் வியாதி இருக்கும்?”

அந்த அறைச் சுவரில் ஆஸ்துமாவைக் காட்டும் உலகப் படம் ஒன்று தொங்கியது. பணக்கார நாடுகள் பலவும் அடர்ந்த சிவப்பு. ஏழை நாடுகள் பலவும் வெளிறிக் கிடந்தன. வெளியே வரும்போது எஸ்தர் என்னிடம் சொன்னார்: “வெளுப்பா இருக்கத பாத்து நிம்மதியா இருந்துராதீங்க. அங்க நோய் இல்லன்னு நெனைக்கோம். கேக்கதுக்கு ஆள் போகலன்னும் இருக்கலாம்லா?”

பிறகு அவரே கேள்வியை மாற்றினார். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? நெஞ்சு விசிலடிக்கிறதா? அதை முதலில் என்னிடம் சோதித்துப் பார்க்க என் வீட்டுக்கு வந்தார். இருவரும் மூன்று மாடி ஏறியிருந்தோம். ‘இல்லை’ என்றேன். சொல்லும்போதே நெஞ்சு விசிலடித்தது. இருவருக்கும் கேட்டது.

“நீங்க சொன்னத எழுதிட்டேன் சார். உங்க நெஞ்சு சொல்லுதத எழுத இதுல இடம் இல்ல.”

“வயசாச்சு எஸ்தர். படி ஏறினா இரைக்காதா?”

“செல்விக்காவது டாக்டர் இல்ல. உங்களுக்கு என்ன கேடு?”

கேடு, பயம்தான். எழுதிவிட்டால் நோய் வந்துவிடும் என்று நினைத்தேன். இன்று இன்ஹேலர், நாளை ஆக்ஸிஜன் என்பது என் மருத்துவ அறிவு.

இப்போது வேறு பயம். எஸ்தர் ‘ஆம்’ என்று சொன்னவர். மருந்தை வேளை தவறாமல் இழுத்தவர். அவரையே இந்த நவம்பர் விடவில்லை. ‘இல்லை’ என்று சொன்ன நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, அதே காற்றை இழுத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன். முந்தைய நாள் கல்லறையில் பார்த்த, நம் குழுவைச் சேர்ந்த உங்களில் மூவர் அங்கே நின்றிருந்தீர்கள். யாருக்கோ துணையாக வந்ததாகச் சொன்னீர்கள். அந்த யாரையும் காணோம். நானும் துணைக்கு வந்ததாகத்தான் சொன்னேன்.

உள்ளே டாக்டர் இந்தியில், மூச்சு இரைக்குமா என்று கேட்டார். பழக்கத்தில் வாய் ‘இல்லை’ என்று திறந்தது. மூடிக்கொண்டேன். பிறகு, “ஆமாம், நாலு வருஷமாக” என்றேன்.

இறந்தவரிடமிருந்து தைரியத்தைப் பெற்றுக்கொண்டதாக எழுதுவது வழக்கம். எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பயம் ஒன்றுதான். என்னை வரிசையில் நிறுத்தியது அதுதான். துணைக்கு வந்த நீங்கள் மூவரும் உள்ளே போய் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது.