ஜிம்மிக்கு ஓர் அளவு ஜாக்கெட்

ஜெர்மனியில் என் பூனைக்கு என் அப்பாவின் பெயர். இனிஷியலோடு பிறந்த நம்மவர்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வந்ததும் அப்பாவைத் தூக்கி அதில் போட்டுவிடுகிறோம். அங்கே கால்நடை மருத்துவமனைகளில் வளர்ப்பவரின் குடும்பப் பெயர்தான் பிராணிக்கும். என் பூனை மிட்டாய்க்குக் கருப்பை எடுக்கும் ஆபரேஷன் அன்று ஒரு பெண் கதவைத் திறந்து, "மிட்டாய் ராஜமாணிக்கம்!" என்று கூப்பிட்டாள். திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா ராஜமாணிக்கம், அந்நேரம் ஸ்ரீரங்கத்து வீட்டில் மதியத் தூக்கத்தில் இருந்திருப்பார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். தையல் போட்ட வயிற்றை நக்காமல் இருப்பதற்காக, நான்கு கால்களும் நுழைகிற மாதிரி ஒரு நீலச் சட்டையை மாட்டி அனுப்பினார்கள். அந்தப் பெண் பூனையைப் பார்த்து "கூட்டே பெஸ்ஸருங்" என்றாள். சீக்கிரம் குணமாகட்டும் என்று அர்த்தம்.

வீட்டு மாடிப்படியில் எதிர் வீட்டு ஹெல்கா நின்றிருந்தார். ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும், "உதவி ஏதாவது வேண்டுமா?" என்றார். "இல்லை, பரவாயில்லை" என்றேன். நம் ஊரில் இது முதல் சுற்று. இன்னும் இரண்டு முறை கேட்பார்கள், நாமும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வோம். ஹெல்கா "நல்லது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை, இல்லை என்றால் இல்லை என்றே நம்புகிற நாடு அது. அந்த வாரம் முழுவதும் நானும் பூனையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாராவது எட்டிப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் அதே ஆபரேஷனுக்காகவே லீவு போட்டு ஸ்ரீரங்கம் வந்தேன். இந்த முறை நோயாளி எங்கள் வீட்டு நாய் ஜிம்மி. ஆண் என்று நினைத்து அப்பா வைத்த பெயர் அது. ஸ்கூட்டருக்கு அடியில் முதல் தடவை குட்டி போட்ட பிறகும் அவர் பெயரை மாற்றவில்லை. குட்டிகளைத் தெருத் தெருவாகக் கெஞ்சிக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த ஈடு வந்துவிடும். ஜிம்மியை ஒருநாளும் தொட்டறியாத அம்மா, கடைசியாகத் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இவ குட்டி போட்டா, முக்கொம்பு அணைக்கட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்." அப்பா அம்மாவிடம் வாதாடுகிற ரகம் இல்லை. எனக்குப் போன் செய்து, "நீ வந்து ஏதாவது பண்ணும்மா" என்றார். விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆபீசில் காரணம் கேட்டபோது "குடும்பத்தில் ஒருவருக்குச் சிகிச்சை" என்றேன். எங்கள் மேலாளர் குரலைத் தாழ்த்தி வருத்தம் தெரிவித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரிக்கும்வரை நக்கவிடக் கூடாது, குதிக்கவிடக் கூடாது, வயிறு நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லி, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டினார். ஜிம்மி அதோடு கிரைண்டரில் இடித்தாள், கேஸ் சிலிண்டரில் இடித்தாள், சாயங்காலத்துக்குள் கட்டிலுக்கடியில் புகுந்து அதைச் சில்லுச் சில்லாக்கினாள். அதற்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. ஆபரேஷன் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். யாருக்கு என்பது அடுத்த விஷயம். பிரெட் வந்தது, ஆப்பிள் வந்தது, ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலே கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு வைதேகி மாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் எடுத்தாச்சு. மாடிப்படி ஏறப்படாது, வெயிட் தூக்கப்படாதுன்னு சொன்னா. இவளுக்கும் அப்படித்தானே சொல்லியிருப்பா?"

"படி ஏறக்கூடாதுன்னுதான் மாமி சொன்னாங்க" என்றேன்.

"பார்த்தியா! கொஞ்ச நாளைக்கு அழுகை அழுகையா வரும். யாரும் ஒண்ணும் சொல்லப்படாது அவளை."

ஜிம்மி ஆப்பிளை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நான் சொல்லலே?" என்றார் மாமி. எல்லோரும் ஜிம்மியை அரைமணி நேரம் விசாரித்துவிட்டு, போகும்போது என்னிடம் "நீ எப்போ கிளம்பற?" என்று மட்டும் கேட்டார்கள்.

மறுநாள் காலையில் தையல் ஓரம் சிவந்து, ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. இன்னும் நக்கினால் மறுபடி மயக்க மருந்து கொடுத்துத் தைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அம்மா எட்ட நின்று பார்த்தார். "புண்ணுல புழு வச்சா என்னால வீட்டுல வச்சுக்க முடியாது. முன்னாடியே சொல்லிட்டேன்." அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அவருடைய பனியனை மாட்டிப் பார்த்தோம். ஜிம்மி அதிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டாள். என் டீ-ஷர்ட்டில் தடுக்கி விழுந்தாள். பெட்டியில் மிட்டாயின் நீலச் சட்டையைக் கொண்டுவந்திருந்தேன். அது ஜிம்மியின் தலையைத் தாண்டவில்லை. அதை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு வழக்கமாக ஜாக்கெட் தைக்கும் ஜரீனா அக்காவிடம் ஓடினேன்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்றார், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாய்க்குங்க அக்கா."

"யாருக்கா இருந்தா என்னங்க? அளவு ஜாக்கெட் இல்லாம நான் கத்தரி வைக்க மாட்டேன். அப்புறம் பிடிக்குது, தொளதொளங்குதுன்னு என்கிட்டதான் வருவீங்க."

நீலச் சட்டையை நீட்டினேன். இது பூனையுடையது, மாதிரிக்கு மட்டும், அளவு இதைப்போல மூன்று பங்கு என்றேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிநாட்டுத் தையலா? நல்லாத்தான் போட்டிருக்கான். நாலு கையும் ஸ்லீவ்லெஸ்ஸா விடட்டா, குட்டைக் கை வைக்கட்டா? ஹூக்கு முதுகுல வச்சாத்தான் எட்டாது. உள்ள ரெண்டு இஞ்ச் துணி விடறேன். இந்த ஆபரேஷன் பண்ணினா உடம்பு போடும், பிரிச்சு விட்டுக்கலாம்." அதுவரை எல்லாம் சரி. பிறகு, "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. கல்யாண சீசன்" என்றார்.

கெஞ்சினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அக்கா சுவரில் தொங்கிய பைகளைக் காட்டினார். எல்லாம் முகூர்த்தப் புடவைகளின் ஜாக்கெட் துணிகள், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். தோற்றுப்போய் வாசல் பக்கம் திரும்பியபோது, அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நான் திரும்பக் காணோம் என்று தேடி வந்திருக்கிறார்.

"ஜரீனா, இன்னைக்கு என்னோடது தைக்கறதா சொன்னீங்கல்ல?"

"ஆமாங்கக்கா, இதோ வெட்டப் போறேன்."

"அதைத் தள்ளி வச்சுட்டு இவ கொண்டுவந்ததைத் தைங்க."

ஜரீனா அக்கா மெஷினை நிறுத்தினார். சித்தி மகள் கல்யாணத்துக்கான அரக்குப் பட்டின் ஜாக்கெட் அது. கல்யாண சீசனில் டெய்லரிடம் கிடைத்த இடத்தை விட்டுக்கொடுப்பது என்ன என்று இதை வாசிக்கும் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் பட்டமளிப்பு விழாவுக்கே அம்மா தன் இடத்தை எனக்கு விட்டுத்தந்தது கிடையாது. "பழைய ஜாக்கெட் ஒண்ணு இருக்கு, மாட்டிக்கறேன்" என்றார் அம்மா. ஜரீனா அக்கா கத்தரியை எடுத்தார்.

ஜாக்கெட் அன்றே வந்தது. பச்சைப் பருத்தித் துணி, முதுகில் வரிசையாக ஹூக், ஓரத்தில் அக்கா தானாகவே வைத்த மஞ்சள் பைப்பிங். ஜிம்மி என்னை மட்டும் கிட்டே விடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவள் நான்தானே, என்னைக் கண்டாலே உறுமினாள். ஹூக் மாட்டும் வேலை அம்மாவுக்கு வந்தது. முதல் நாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு விரல் நுனியால் மாட்டினார். அப்புறம், "மூச்சை இழுத்துப் பிடிடி" என்று அதட்டிக்கொண்டு மாட்டினார். கல்யாணத்தில் பழைய ஜாக்கெட்டைக் கவனித்துக் கேட்டவர்களிடமெல்லாம், "வீட்டுல ஆபரேஷன், நேரமே இல்லை" என்றார். புண் காய்ந்து வந்தது.

தையல் பிரிக்கும் நாளும் நான் கிளம்பும் நாளும் ஒன்றாக அமைந்தன. கார் வைத்துக்கொண்டு, பெட்டியை டிக்கியில் போட்டு, மருத்துவமனையை முடித்துவிட்டு அப்படியே எல்லோரும் ஏர்போர்ட் போவதாக ஏற்பாடு. ஜிம்மி மேஜையில் ஏறியதும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். "பழகினவங்க மட்டும் இருங்க. நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்றார் டாக்டர். கழற்றிய ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். கதவுக்குப் பின்னால், "இதோ ஆயிடுச்சு, தங்கம், இதோ ஆயிடுச்சு" என்று அம்மாவின் குரல் கேட்டது. என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்து, ஒரு நாயிடம் பொறாமைப்பட்டேன்.

வெளியே வந்த அம்மா, என் கையிலிருந்த ஜாக்கெட்டை வாங்கி மடித்தார். "புண் சுத்தமா ஆறிடுச்சாம். ஆனா இவ பயந்துபோயிருக்கா, அங்க கூட்டத்துல நிக்க மாட்டா. நீ கார்ல போயிடு. நாங்க ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போறோம்." வெளிநாடு போன நாளிலிருந்து ஒருமுறைகூட அவர்கள் என்னைத் தனியாக ஏர்போர்ட்டுக்கு அனுப்பியதில்லை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க போங்கப்பா" என்றேன்.

அவளை அந்த வீட்டில் இருக்க வைக்கத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தேன். இருந்துவிட்டாள். ஆட்டோ ஸ்ரீரங்கம் பக்கமும் கார் ஏர்போர்ட் பக்கமும் திரும்பும்போது பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், ஸ்கூல் நாட்களில் நான் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்த இடத்தில், ஜிம்மி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கை அவள் முதுகில் இருந்தது.