ஓடையை அடைத்த ஞாயிறு

கொச்சி மட்டாஞ்சேரியில் வேலியேற்றம் வந்து கடல் பொங்கினால் காயல் நீர் ஓடை வழியாகத் தெருவுக்குள் ஏறும். பக்கத்து வீட்டு அந்தோணி தன் முற்றத்தை மண் போட்டு உயர்த்திய பிறகு, அந்தத் தண்ணீர் பதினொரு முறை என் வீட்டுக்குள் வந்துவிட்டது. சொல்லிப் பார்த்தேன். "நீங்களும் உயர்த்துங்க சாரே" என்று சிரித்தான்.

ஒரு ஞாயிறு காலை, தண்ணீர் அவன் பக்கமே திரும்பட்டும் என்று மூன்று மணல் சாக்குகளால் ஓடையை அடைத்துவிட்டுத் தேவாலயத்தில் பூசைக்குப் போனேன். அன்று வேத வாசகம் வாசித்ததும் நான்தான்.

திரும்பி வந்தபோது, முற்றத்தைப் போல உயர்த்தாத, தாழ்வான அவன் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். அவன் மனைவி வழுக்கி விழுந்ததில் கை ஒடிந்திருந்தது. அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே அந்தோணி கத்தினான்: "எவனோ ஓடையை அடைச்சிருக்கான் சாரே! உங்க வீட்டுக்கும் தண்ணி வரும், சேச்சியைக் கட்டில்ல ஏத்தி உட்கார வைங்க!" சேச்சி என்றது என் மனைவியை.

நான்கு இரவுகள் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் போய் உண்மையைச் சொன்னேன்.

"இந்த வாயாலதான் வேதம் வாசிச்சீங்களா?" என்றான். அதன்பின் அவன் என்னோடு பேசுவதில்லை.

இப்போது வேலியேற்றத்துக்கு முன் இரண்டு வீட்டு ஓடையிலும் நானே சேறு வாருகிறேன். ஏழு முறை ஆயிற்று. தண்ணீர் இன்னும் என் வீட்டுக்குள்தான் வருகிறது. அதை வாளியால் அள்ளித் தெருப் பக்கம் ஊற்றுகிறேன், அவன் பக்கம் அல்ல.