ஒரு கையால் திறந்து மூட

அண்ணன் வீட்டுக் கட்டிலில் ஓர் இலவம்பஞ்சுத் தலையணைக்கு, நான் தைத்த இடுப்புத் துணியைக் கட்டிவிட்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அண்ணன், அவர் மனைவி, நான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். அண்ணன் வலது கையை மட்டும் நீட்டி, தலையணைக்கு இடுப்பு எந்த இடம் என்று தடவிப் பார்த்து, துணியின் கொக்கியை வளையத்தில் மாட்டப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி பார்த்தார். மறுபடி வழுக்கியது.

"ஏனம்மிணி, இந்தத் தலகாணி என்ன பாவம் பண்ணுச்சோ, எனக்கு வந்தது இதுக்கும் வந்திருச்சே" என்றார் அண்ணன்.

"அதாச்சும் குண்டா இருக்குதுங்க, துணி நிக்குது. உங்களுக்குக் கட்டுனா இடுப்பு எங்கன்னு தேட வேண்டியிருக்குது" என்றார் நங்கை. மூன்று பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அந்தத் துணியைப் பற்றி நாங்கள் ஒன்றாகச் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

அண்ணன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரைவராக இருந்தார். ஆந்திராவில் போர் போடப் போன இடத்தில் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இடது கையும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. சிறுநீர் போவது அவருக்கே தெரியாது. கையை வைத்துத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். குமாரபாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். பகலெல்லாம் நங்கை விசைத்தறிப் பட்டறைக்குப் போய்விடுவார். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், அப்பா நனைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் துணியை மாற்றிவிட்டாள். அந்தப் பெண் வயதுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மறுநாளிலிருந்து அண்ணன் பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் தாகமில்லை என்பார். சித்திரை வெயிலிலும் தாகமில்லை.

வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆஸ்பத்திரி நர்சம்மா எச்சரித்தார்: "தண்ணி குடிக்காம இருந்தா மூத்திரப் பையில சீழ் புடிச்சுக்கும். அப்புறம் காய்ச்சல் வந்தா இந்த உடம்பு தாங்காது." அன்று சாயங்காலமே நங்கை என் வீட்டுக்கு வந்தார். "அவரே அவுத்து, அவரே மாட்டிக்கிற மாதிரி ஒண்ணு தெச்சுக் குடு சாமி. அப்பத்தான் தண்ணி குடிப்பாரு" என்றார்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பக்கத்துத் தெருவில் ரவிக்கை தைத்துப் பிழைத்தேன். கூடப்பிறந்தவன் என்றாலும் ஆண்பிள்ளை. அந்தத் துணியை அவர் கட்டி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. எங்களுக்குள் அதற்குப் பெயர் "பை". "பை சரியா இருக்குதாண்ணா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பேன். "இருக்குதம்மிணி" என்று அவரும் சுவரைப் பார்த்துச் சொல்வார். மற்றதெல்லாம் நங்கை வாய்வழிதான்.

ஆஸ்பத்திரியில் ஊக்கு குத்தி அனுப்பியிருந்தார்கள். ஊக்கு திறந்து தொடையில் ஏறியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. துணி துவைக்கும்போது நங்கை இரத்தம் பார்த்தார். நாடா வைத்தேன். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வரவில்லை, நனைந்த முடிச்சு அவிழவும் இல்லை. பிரஸ் பட்டனைத் திறக்க முடிந்தது. ஆனால் மூடுவதற்கு அடியில் ஒரு விரல் தாங்க வேண்டும். சோடா போட்டு வேகவைத்ததில் அது துருவும் பிடித்தது. ரவிக்கைக் கொக்கி என்ன ஆனது என்பதைத் தலையணை சொல்லிவிட்டது.

பிறகு ஒரு நாள் நர்சம்மா அண்ணனுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். கையில் சுற்றிய பட்டையை ஒரே இழுப்பில் பிரித்தார். சர்ரென்று வந்துவிட்டது. திரும்பச் சுற்றி லேசாகத் தட்டினார். ஒட்டிக்கொண்டது. அடியில் எதுவும் தாங்கவில்லை, முடிச்சில்லை, முள்ளில்லை. வாய் திறந்து கேட்க வெட்கப்பட்டு, நங்கையை இடித்துக் கேட்கச் சொன்னேன். அடுத்த வாரம் நர்சம்மா பழசாகிப்போன பட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். சொரசொரப்பான பக்கம் ஒன்று, மெத்தென்ற பக்கம் ஒன்று. தையல் பிரித்து இரண்டையும் எடுத்தேன். முன்பக்கம் திறக்கிற மாதிரி, வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துத் தைத்தேன். உள்ளே மடிப்புத் துணியை அவரே உருவி வாளியில் போட்டுவிட்டு, உலர்ந்ததை வைத்து மூடிக்கொள்ளலாம்.

அன்று மத்தியானம் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாராம். அதைச் சொல்வதற்கென்றே சாயங்காலம் நங்கை என் வீட்டுக்கு வந்தார்.

தறிக்கார ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். நங்கையின் சேலையில் ஒட்டி வந்த பஞ்செல்லாம் சொரசொரப்பில் போய் அடைந்துகொள்ள, பட்டை பிடிக்காமல் போனது. ஊசியால் ஒவ்வோர் இழையாக எடுத்தோம். அதைச் சமாளித்தோம். சமாளிக்க முடியாதது அந்தச் சத்தம். லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினாலே கேட்கும். சர்ரென்று பிரித்தால் அடுப்படியில் இருக்கும் மகளுக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் அண்ணன் என்ன செய்கிறார் என்று தெரிந்துவிடும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் தறிப்பட்டறை. தறி ஓடினால் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் தறி ஓடும்போது மட்டும் பட்டையைப் பிரித்தார். இது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடையில் மின்சார வெட்டு வந்தது. பகலில் பாதி நேரம் ஊரே வாயடைத்துக் கிடந்தது. தறி நின்றால் அண்ணன் பையைத் தொட மாட்டார். நனைந்தபடியே கிடப்பார். கடைசியில் பழையபடி தண்ணீரையும் விட்டுவிட்டார். குளிர்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபோதுதான், "கரண்ட்டு இல்லியே, எப்படிப் பிரிக்கிறது?" என்று நங்கையிடம் சொன்னார். சத்தமில்லாமல் திறக்க மரப்பட்டனும் அதை மாட்டத் துணிக்காதும் வைத்து ஒன்று தைக்க ஆரம்பித்தேன். அது பாதியில் இருக்கும்போதே அவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது மருந்துக் கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒட்டுப் பட்டை. பிரிக்கலாம், மறுபடி ஒட்டலாம். ஒரு முறை வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காதருகே வைத்து மெல்லப் பிரித்துப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் கேட்கிறது.

அன்று சேலத்தில் அண்ணனுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. நங்கை டம்ளரை வாயருகே கொண்டுபோனார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"தறி ஓடுதா?"

அந்த வார்டில் மின்விசிறிகூட ஓடவில்லை. நங்கை என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணன் காதோரம் குனிந்தார்.

"ஓடுதுங்க. எல்லாத் தறியும் ஓடுது. குடிங்க."

அண்ணன் வாயைத் திறந்தார்.