தம்பியின் தலையில் வார்த்த தண்ணீர்

ஓட்டோ விடத்தல்தீவுச் சந்தியைத் தாண்டியதிலிருந்து நான் மூன்று தரம் நேரம் பார்த்துவிட்டேன். அம்மா ஒரு தரமும் பார்க்கவில்லை. அவர் மடியில் வெள்ளைத்துணி விரித்த சிறிய மரப்பெட்டி, காலடியில் மண்வெட்டி. மிதிவெடி எடுத்தாயிற்று, காணிக்காரர் போகலாம் என்று அறிவித்த பிறகு இதுதான் எங்கள் முதல் பயணம். மற்றவர்கள் எல்லைக்கல் தேடிப் போனார்கள். நாங்கள் தம்பியைத் தேடிப் போனோம்.

தம்பி எட்டு நாள் பிள்ளையாய்ச் செத்தவன். அன்று ஷெல் விழுந்துகொண்டிருந்ததால் கோயில் கல்லறையான சேமக்காலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. பங்கர் வாசலுக்குப் பக்கத்தில், பனையடியில் அப்பா அவனைப் புதைத்தார். மறுநாள் காலையில் இடம்பெயர்ந்தோம். பிறகு அகதி முகாமில் அப்பாவும் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளையைச் சேமக்காலையின் மந்திரித்த மண்ணில் வைக்கவேண்டும் என்ற எண்ணத்தை அம்மா விடவேயில்லை. எலும்பு கிடைக்காவிட்டால் அந்த இடத்து மண்ணையாவது கொண்டுவரச் சொன்ன பங்குச் சுவாமி, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஞானஸ்நானம் குடுத்ததோ?"

"ஓம் சுவாமி. என்ர மனுசன்தான் குடுத்தவர். தண்ணி கொண்டுவந்தது இவ," என்று அம்மா முந்திக்கொண்டு என்னைக் காட்டினார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பார்கள். அன்று முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். தம்பிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அப்பா பங்கருக்குள் இருந்து கத்தினார். "பிள்ளை, கிணத்தடிக்கு ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணி அள்ளிக்கொண்டு வா!" எனக்குப் பத்து வயது. கிணறு காணியின் மறு கோடியில். குசினியின் பின்பக்கம் வரை ஓடினேன். அதற்கு மேல் கால் வரவில்லை. ஆட்டுக்கு வைத்த கழுநீர்ப் பானை அங்கே இருந்தது, அரிசி கழுவிய தண்ணீர். செம்பை அதில் முக்கினேன். அந்த நேரம் பார்த்துக் கிணற்றுப் பக்கம் பெரிய சத்தம். திரும்பிப் பாராமல் ஓடிவந்தேன். பங்கருக்குள் எதுவும் சரியாகத் தெரியாது. சாகப்போகிற பிள்ளைக்குச் சுவாமி இல்லாத இடத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்; அப்பா செம்பை வாங்கித் தம்பியின் தலையில் வார்த்து, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று சொல்லி முடித்தார்.

ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் தண்ணீராகவே இருக்கவேண்டும், பாலோ கஞ்சியோ செல்லாது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தவள் நான். கழுநீர் செல்லுமா என்று யாரிடம் கேட்பது? ஏன் கேட்கிறாய் என்பார்களே! போதாக்குறைக்கு, கிணற்றடியில் ஷெல் விழுந்தும் நான் தப்பி வந்தது புனித அந்தோனியார் செய்த புதுமை என்று அப்பா கண்டவருக்கெல்லாம் சொல்லிவைத்தார். அம்மா அவருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி கொளுத்தினார். நானும் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நல்ல பிள்ளை!

காணி முழுக்க உடைமுள். வீட்டில் அத்திவாரம் மட்டும் மிச்சம். தலையில்லாத பனையடிக்கு அம்மா நேராகப் போய், காலால் மண்ணைத் தட்டி, "இதுதான்" என்றார். நான் வெட்டத் தொடங்கினேன். அம்மா ஒரு போத்தலை நீட்டினார்.

"கிணத்தில கொஞ்சம் தண்ணி கிடந்தா அள்ளிக்கொண்டு வா. அண்டைக்கு வார்த்த தண்ணியாலயே பெட்டியைத் தெளிப்பம்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டேன். "அம்மா, அது கிணத்துத் தண்ணி இல்லை. ஆட்டுக்கு வைச்ச கழுநீர். பயத்தில நான் கிணத்தடிக்குப் போகவேயில்லை."

அம்மா போத்தலை மண்ணில் வைத்தார். பிறகு, "சுவாமியிட்டச் சொன்னனியோ?" என்றார்.

"இல்லை."

"சொல்லாதை. கழுநீரிலயும் தண்ணிதானே கிடக்கு."

எனக்கு அது போதவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "தம்பியை ஏமாத்திப்போட்டன் அம்மா. நீங்கள் இவ்வளவு வருசமும் ஒரு பொய்க்கெல்லோ மெழுகுதிரி கொளுத்தினீங்கள்," என்று அழுதேன்.

அம்மா என் தாடையைப் பிடித்துக் கிணற்றுப் பக்கம் திருப்பினார். கிணற்றுக்கட்டின் ஒரு பக்கம் முழுதாகப் போய்விட்டது. நாங்கள் நின்று தண்ணீர் அள்ளுகிற இடத்தில் பெரிய குழி.

"அப்பான்ர சொல்லுக் கேட்டு நீ அங்க போயிருந்தியெண்டா, இண்டைக்கு நான் ரெண்டு பேரையெல்லோ தோண்டியிருக்கவேணும்," என்றார்.