வக்கீல் அக்கா சிறையில் இருந்த வாரங்கள்

பெரியவர்கள் பக்கத்தில் தப்பாக எழுதினால் மறுப்பு வரும். சிறுவர் பக்கத்தில் தப்பாக எழுதினால் போன் வரும்.

சிறுவர் பக்கம் நடத்தியவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குக் கதையைத் தொடங்கிவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது புரியும். அம்பத்தூரிலிருந்து வரும் எங்கள் வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் என் பொறுப்பு. பல வருடமாக முயல், விடுகதை, புள்ளிகளை இணைத்தல் என்று போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் ஓர் ஆப்பிரிக்க எழுத்தாளரின் வாழ்க்கையைத் தொடராக எழுதினேன். அவர் மனித உரிமை வழக்கறிஞரும்கூட. பிள்ளைகளுக்காக அவருக்கு 'வக்கீல் அக்கா' என்று பெயர் வைத்தேன். இங்கேயும் அதுவே இருக்கட்டும். அவர் இன்னும் நீதிமன்றத்துக்குப் போய் வருகிறார். நான் எழுதியதில் பிழை கண்டு வழக்குப் போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சிங்கம் எதற்கு?

முதல் வாரப் படத்தைக் கொண்டுவந்தார் எங்கள் ஓவியர் பாஷா. பூந்தமல்லிக்காரர். கடைப் பெயர்ப்பலகைகளும் எழுதுவார். அதனால் அவர் படங்களில் எல்லாமே கொஞ்சம் பெரிதாக இருக்கும். கறுப்பு கோட்டில் வக்கீல் அக்கா கம்பீரமாக நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு சிங்கமும் நின்றது.

"சிங்கம் எதுக்கு பாய்?" என்றேன். "ஆப்பிரிக்கான்னீங்களே மேடம்" என்றார். அக்கா பிறந்து வளர்ந்தது பெரிய நகரத்தில், அவர் சிங்கத்தைப் பார்த்திருந்தால் நம்மைப் போல மிருகக்காட்சி சாலையில்தான் பார்த்திருப்பார் என்று விளக்கினேன். காலையில் பஸ்ஸில் நெரிசல், தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக மின்கம்பிகள், தோண்டிப்போட்ட சாலை, நீதிமன்ற வாசலில் வேர்க்கடலை விற்பவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். மறுநாள் சிங்கம் இருந்த இடத்தில் ஒரு பஸ் நின்றது. படத்தை நீட்டியபடி பாஷா சொன்னார்: "நம்ம அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு மாதிரின்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் ஏன் மேடம் ராத்திரி பூரா சிங்கத்துக்குப் பிடரி போட்டுட்டு இருக்கப்போறேன்?"

ஒருவருக்கு இரண்டு வேலை

பக்கத்தின் அடியில் 'சந்தேகமா? கூப்பிடுங்கள்' என்று என் எண்ணைப் போடுவது வழக்கம். ஆவடி சேக்காட்டிலிருந்து மதுமிதா கூப்பிட்டாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வக்கீல் எப்படி எழுத்தாளராகவும் இருக்க முடியும் என்பது அவள் சந்தேகம்.

விசாரணையே இல்லாமல் சிறையில் கிடப்பவர்களுக்காக அக்கா வாதாடுகிறார் என்று சொன்னேன். நீதிமன்றத்தில் என்ன நடந்தது, எங்கே நடந்தது என்றுதான் கேட்பார்கள். பிடித்துக்கொண்டு போன அன்று அந்த மனிதரின் வீட்டில் என்ன சமைத்தார்கள், அவருக்காக எடுத்துவைத்த சாப்பாட்டை யார் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதையெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்து கதையாக எழுதுவார். மதுமிதா உடனே கேட்டாள்: "ஒரு வேலையை ஒழுங்கா முடின்னு அவங்க வீட்ல யாருமே திட்டலையா மிஸ்?"

வெளியே வந்தது கட்டில்

கதை கஷ்டமான கட்டத்துக்கு வந்தது. அக்காவின் நகரத்தில் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களின் கடைகளை இடித்துத் தள்ளினார்கள். அந்தப் பெண்களுக்காக அக்கா வழக்கு நடத்தினார்; அவர்களைப் பற்றிக் கதையும் எழுதினார். வழக்கைப் பொறுத்துக்கொண்ட அரசாங்கத்தால் கதையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புத்தகத்துக்குத் தடை விதித்தது. அக்காவைச் சிறையில் வைத்தது. சிறைக்கதவு சாத்தப்படுவதோடு அந்த வாரத்தை முடித்தேன். தொடர்கதை எழுதுகிறவர்கள் செய்யும் சில்லறைத் தந்திரம்தான்; ஏழு நாள் காத்திருக்க வைப்பது.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் வெளியே வந்தது கட்டில். குமணன்சாவடி மரச்சாமான் கடை ஒன்று தள்ளுபடி விளம்பரத்துக்காகக் கடைசிப் பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டது, பண்டிகைக் காலம் முடியும்வரை. பத்திரிகை முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் சம்பளமே விளம்பரத்தில்தான் வருகிறது. இந்தத் தொடரை இத்தோடு விட்டுவிடுங்கள், பண்டிகை முடிந்து வேறு ஏதாவது தொடங்கலாம் என்றார். அக்காவைச் சிறையிலேயே விட்டுவிட்டா என்று கேட்டேன். அமைதியாகச் சொன்னார்: "அந்தம்மா நெஜத்துல எப்பவோ வெளிய வந்துட்டாங்கல்ல மேடம்? அப்புறம் நமக்கு என்ன அவசரம்?"

ஆட்டோவில் விசாரணை

ஆவடி ஸ்டேஷன் வாசலில் வழக்கமாக ஏறும் ஆட்டோ. ஓட்டுநர் கோபி வாராவாரம் தன் பையனுக்கு என் பக்கத்தைப் படித்துக் காட்டுபவர். அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை. வண்டி சிக்னலில் நின்றதும் திரும்பினார்.

"இன்னா மேடம், அந்த வக்கீலம்மாவ உள்ள தள்ளிட்டு நீங்க பாட்டுக்கு ஆட்டோல போய்க்கினு கீறீங்க?" விளம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். இறங்கும்போது சொன்னார்: "அதெல்லாம் எனக்குப் புரியுது மேடம். ஊட்ல பையன்தான் நான் பேப்பரைக் கிழிச்சு ஒளிச்சு வெச்சிகினு கீறேன்னு என்னையே சந்தேகப்பட்றான்."

கடையில் வக்கீல் இல்லை

விளம்பரத்தின் அடியில் கடையின் எண் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் எண் சந்தேகம் கேட்பதற்கு என்று பிள்ளைகளைப் பழக்கியவள் நான்தான். அவர்கள் கடைக்குக் கூப்பிட்டார்கள்.

கடை உரிமையாளர் ஹமீது பாய் நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். விளம்பரம் போயிற்று என்று முதலாளியின் முகம் வெளுத்தது. பாய் என்னிடம் சொன்னார்: "கடையைத் தொறந்தா போன்மா. தேக்குக் கட்டில் கேப்பாங்கன்னு எடுத்தா, 'அங்கிள், வக்கீல் அக்காவ விட்டுட்டாங்களா?'ன்றாங்க. எங்க கடையில வக்கீல் யாரும் இல்லப்பான்னு எங்க ஆளுங்களும் சொல்லிப் பாத்துட்டாங்க. சேக்காட்டுலேர்ந்து ஒரு பொண்ணு, மதுமிதாவாம், மொதல்லேர்ந்து முழுக் கதையும் எனக்குச் சொல்லிடுச்சு. மெத்தை வாங்க வந்தவரை நிக்க வெச்சுட்டுக் கேட்டேன்." மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "பாதிப் பக்கத்துல போட்டாலும் கட்டில் கட்டில்தான் சார். பேசின பணத்துல குறைக்க வேணாம். மொதல்ல அந்தம்மாவ வெளிய விடுங்க, எனக்கும் தெரியணும்ல?"

எழுந்து நின்றவர்கள்

மேல் பாதியில் வக்கீல் அக்கா, கீழ்ப் பாதியில் கட்டில். நடந்ததை நடந்தபடி எழுதினேன். அக்காவை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இவருக்காக வாதாடுவது யார் என்று நீதிபதி கேட்கிறார். பயத்தில் ஒருவரும் வர மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஓர் இளம் வழக்கறிஞர் எழுந்தார். அடுத்து இன்னொருவர் எழுந்தார். பிறகு அந்த வரிசையே எழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சந்தைப் பெண்களும் எழுந்தார்கள், தங்களுக்கு வாதாடத் தெரியாது என்று தெரிந்தும். சில நாளில் அக்கா வெளியே வந்தார். புத்தகத்தின் மீதான தடை நீங்க இன்னும் காலம் பிடித்தது; சிறுவர் பக்கத்தில் பொய் கூடாது என்பதால் அதையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதுமிதா கூப்பிட்டாள். அவள் அப்பா சத்தமாகப் படித்தாராம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்களாம். "அந்தக் காய்கறி விக்கிறவங்க எழுந்து நின்னாங்கல்ல மிஸ், அப்போ நாங்களும் எழுந்து நின்னுட்டோம். அப்பா மட்டும் கடைசியா எழுந்தாரு, அவருக்கு முட்டி வலி."

இத்தனை வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: சிறுவர் பக்கத்தில் ஒருவரைச் சிறையில் அடைக்க எனக்கு ஒரு பத்தி போதும், விடுதலை செய்ய ஒரு கட்டில் கடைக்காரர் மனது வைக்க வேண்டும்.