தட்டினால் ‘டொக்’ என்கிற வீடு

கட்டடத் தொழிலில் சுவர் எழும்ப முன்னம் வாய் எழும்ப வேண்டும். வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறேன், லீவு நாட்களில் மாமாவோடு மெல்லிய உருக்குச் சட்டத்தில் வீடு கட்டுகிற வேலை. சட்டங்களை ஸ்க்ரூ ஆணியால் பூட்டி நிறுத்துவது கைத்தொழில்காரரான பாஸ்மாரின் பாடு, சனத்துக்கு விளங்கப்படுத்துவது என் பாடு. புதிதாக ஒன்றை ஊருக்குள் கொண்டுபோய் ஏச்சு வாங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

கூடு

தேற்றாத்தீவில் தவமணியக்காவின் மகள் நிரோசாவுக்குக் கலியாண நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு கொடுப்பது பெண் வீட்டார்தானே. (ஏன் என்று நான் தொடங்கினால் நிறுத்தமாட்டேன், விடுங்கள்.) அந்த நாளுக்குள் கல்வீடு முடியாதென்றுதான் அக்கா எங்களிடம் வந்தார்.

மினுங்குகிற சட்டங்களை நிறுத்தும்போது பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார். உப்புக்காற்றுக்கும் இலகுவில் துருவோ கறளோ பிடிக்காது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி புள்ள, எத்தினை கோழி விடப்போறீங்க?"

நல்ல நேரம்

வாசல் நிலை வைக்க அக்கா நேரம் பார்த்து வைத்திருந்தார். எங்கள் ஆட்களோ வாசலோடு சேர்ந்த முன்சுவர்ச் சட்டத்தை ராகு காலத்திலேயே பூட்டிவிட்டார்கள். அக்கா தலையில் கைவைத்துக் குந்திவிட்டார். "இது நிலையே இல்லை, வெறும் இடைவெளி" என்று நான் வாதாட, பாஸ் ஆணிகளைக் கழற்றினார். நாலு பேர் முன்சுவரைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போய், முருங்கை நிழலில் நின்று, நேரம் வந்ததும் திரும்ப வந்தார்கள். அக்கா மஞ்சள் தடவிக்கொண்டே சொன்னார்: "இரும்பு சொல்வழி கேக்குது. நீதான் கேக்கிறாயில்ல."

மாமியார் தட்டினார்

ஆரையம்பதியிலிருந்து மாப்பிள்ளையும் தாயும் வீடு பார்க்க வந்தார்கள். பலகை அடித்த சுவரில் தாய் விரலால் தட்டினார். டொக்.

"என்னகா இது, உள்ளுக்கு ஒண்டுமில்ல! இந்த வீடெண்டா எங்களுக்குக் கலியாணமும் வேணாம்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "குடுக்கிறது அவங்க, தட்டிப் பாக்கிறது நீங்களோ?" என்றேன். அக்கா என் கையைக் கிள்ளினார். அக்காவுக்குப் பின்னால் நின்ற நிரோசா முன்னுக்கு வந்து, இன்னும் மூடாத பின்னறைச் சட்டத்தைக் காட்டினாள்: "சந்தேகமெண்டா மாமி, உங்கட மகனத் தொங்கிப் பாக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்கு ரோசம் வந்துவிட்டது. பாய்ந்து மேல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினார், காலை ஆட்டினார், நிரோசா சிரிக்கச் சிரிக்க இன்னும் ஆட்டினார். சட்டம் அசையவில்லை. தாய்தான் பதறிக் கத்தினார்: "இறங்குடா! வீடு நிக்கும், நீதான் விழுவாய்!"

வாதத்தால் வீடு நிற்காது என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனமில்லை, ஆனாலும் அடுத்த வீட்டுக்கு விளக்கப் படங்களோடு கனமான ஒரு மாப்பிள்ளையையும் கொண்டுபோவதாக இருக்கிறேன்.